வாழையிலைக்குள் வெள்ளைப் பூசணம்

“ஏ ஆத்தா, பூசணம் பூத்துப் போச்சு. கொண்டுபோய்க் குப்பையில போடு. மாட்டுக்குக்கூட வைக்காத.”

பொட்டலத்தைப் பிரித்ததும் அம்மா சொன்னது இதுதான். வாழையிலை மடிப்பை விரித்தால் உள்ளே இருந்த சோயாப் பருப்பு கண்ணுக்கே தெரியவில்லை. பஞ்சு திணித்த சின்னத் தலையணை மாதிரி ஒரே வெள்ளை. விரலால் அழுத்தினேன், அமுங்காமல் கெட்டியாக நின்றது. கத்தியால் அறுத்தால் கடலைமிட்டாய் வில்லை போலப் பிசிறில்லாமல் அறுந்தது. வெட்டிய முகத்தில் பருப்புகள் இளமஞ்சளாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. முகர்ந்து பார்த்தேன், மழைக்கு மறுநாள் வேலியோரம் முளைக்கும் காளானின் மணம். அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். 40 வருஷம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். எடுத்த காயை ஸ்டோரில் சரியாக உலர்த்தாமல் விட்டால் பூசணம் பிடிக்கும், பச்சை நிறம் போகும், போடியில் ஏலம் விடும்போது விலை விழும், அந்தக் கோபம் கூலிக்காரர்கள் தலையில் இறங்கும். பூசணம் என்றால் நஷ்டம் என்றே அவள் கை பழகியிருக்கிறது. அந்தக் கைக்கு நான் பூசணத்தை வேண்டுமென்றே வளர்த்துக் காட்டினேன்.

எங்கள் ஊர் தேவாரம். மேற்கே நிமிர்ந்தால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம். சாக்கலூத்து மெட்டு வழியாக ரோடு வந்துவிட்டால் கூப்பிடு தூரம்தான் என்று நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கும் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று சுற்றிக்கொண்டுதான் ஜீப் போகிறது. விடியுமுன் கிளம்பும் பெண்கள் கையில் ஆளுக்கொரு தூக்குவாளி. திறந்து பார்த்தால் முக்கால்வாசி சோறு, மேலே புளிக்குழம்போ ரசமோ, ஓரத்தில் ஊறுகாய். அட்டை கடிக்கும் ஈரக்காட்டில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிற உடம்புக்கு அதில் சதை வளர்க்கிற பொருள் மிகவும் குறைவு.

இதை நான் தூர நின்று பார்த்துச் சொல்லவில்லை. 32 வருஷம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை எடை போட்டு, அட்டையில் கோடு இழுத்து, சத்துமாவு கொடுத்து, தாய்மாரிடம் “பருப்பு சேருங்க, பயறு சேருங்க” என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவள். அவர்கள் திரும்பச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: “பயறு குடுத்தா புள்ளைக்கு வயிறு ஊதுது டீச்சர். ராத்திரியெல்லாம் அழுவுது.” என் அம்மாவும் அதையேதான் சொல்வாள். பல் போன பிறகு மொச்சை, தட்டைப்பயறு எல்லாவற்றையும் விட்டுவிட்டாள். வாயு.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிஜமான காரணம் உண்டு. பயறு வகைகளில், சோயாவில் இன்னும் கூடுதலாக, ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் தின்று காற்றாக வெளியேற்றுகின்றன. வயிறு உப்புவது அதனால்தான். சோயாவில் 100 கிராமுக்கு 36 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் வேகவைத்து அப்படியே தின்றால் பாதிப்பேர் வயிறு ஏற்காது. அதனால்தான் நம் ஊரில் சோயா என்றால் மீல்மேக்கர் என்று ஆகிவிட்டது. எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் மாவை ஆலையில் அழுத்திச் செய்த உருண்டை அது. முழுப் பருப்பைச் சோயா மொச்சை என்று வேளாண்மைக்காரர்கள் எழுதுவார்கள். கடையில் சோயா பீன்ஸ் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதை வாங்கிப் போனவர்கள் ஒருமுறை சுண்டல் செய்துவிட்டு மறுமுறை வாங்குவதில்லை.

2017-ல் அக்கா மகள் கல்யாணத்துக்குக் கிள்ளான் போயிருந்தேன். மலேசியாவில் அக்கா வாழ்க்கைப்பட்டு 35 வருஷம் இருக்கும். ஒருநாள் மதியம் சோற்றோடு நெத்திலி, வேர்க்கடலை, மிளகாய் எல்லாம் சேர்த்துப் புரட்டிய ஒரு பொரியல் வைத்தாள். அதில் மொறுமொறுவென்று சின்னத் துண்டுகள். கறியோ என்று நினைத்தேன், வறுத்த பனீரோ என்றும் நினைத்தேன். “தெம்பே” என்றாள். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லார் வீட்டிலும் உண்டாம். அங்குள்ள இரவுச் சந்தையில் வாழையிலைப் பொட்டலமாக அடுக்கி விற்கிறார்கள். தக்காளி வாங்குவதுபோல இரண்டு பொட்டலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாள் ஜாவா வம்சம். அவருடைய பாட்டனார் காலத்தில் ஜாவாவிலிருந்து சிலாங்கூர் வந்தவர்கள். அவரை எல்லாரும் மக்சிக் என்று கூப்பிடுவார்கள், நம் ஊரில் பெரியம்மா என்கிற மாதிரி. அவர் வீட்டுப் பின்கட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் பேசுவதை அக்கா தமிழில் சொல்வாள். ஆனால் முக்கால்வாசிக்குப் பேச்சே தேவைப்படவில்லை. ஊறிய சோயாவை அவர் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தித் தோலைப் பிதுக்கித் தள்ளியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் தை மாதத்தில் பிதுக்குப் பருப்புக் குழம்புக்கு மொச்சையை இப்படித்தானே பிதுக்குகிறோம்! நானும் ஒரு கை அள்ளிப் பிதுக்கினேன். மக்சிக் நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த வேலை முழுக்க என்னிடம் வந்துவிட்டது.

செய்முறை சொல்லிவிடுகிறேன். அரைக் கிலோ சோயாவை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் தண்ணீரில் லேசான புளிப்பு வாடை வரும். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் அந்த நீரில் வேலை செய்த அடையாளம் அது. அந்தப் புளிப்பு கெட்ட கிருமிகளை அண்டவிடாது. தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில், குழையாமல் ஒரு மணி நேரம் வேகவிட வேண்டும். வாயு உண்டாக்கும் சர்க்கரையில் ஒரு பெரும்பங்கு இந்த ஊறலிலும் வேகலிலும் தண்ணீரோடு போய்விடுகிறது. பிறகு வடித்து, வேட்டித் துணியில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே ஈரம் போக ஆறவிட வேண்டும். மக்சிக் ஒரு துணியால் பருப்பைக் குழந்தைக்குத் தலை துவட்டுகிற மாதிரி ஒற்றி ஒற்றி எடுத்தார். இந்த இடத்தில்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள். பருப்பின் மேல் ஈரம் மினுங்கினால் பூஞ்சைக்கு முன்னால் பாக்டீரியா ஓடிவந்துவிடும், கொழகொழவென்று அழுகிப்போகும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் இரண்டு கரண்டி வினிகரும் அரை டீஸ்பூன் உறைத்தூளும் போட்டுப் பிசறி, வாட்டிய வாழையிலையில் இறுக்கமில்லாமல் மடித்து வைக்க வேண்டும். தயிருக்கு உறைமோர் மாதிரி இதற்கும் உறை. அந்தத் தூளில் இருப்பது ரைசோபஸ் ஒலிகோஸ்போரஸ் என்ற பூஞ்சையின் வித்து.

ஜாவாவில் முன்பெல்லாம் இந்த உறையைக் கடையில் வாங்கியதில்லை. நம் பூவரசுக்குப் பங்காளியான, அதே மாதிரி இதய வடிவில் இலை விடும் வாரு என்றொரு மரம் அங்கே உண்டு. அதன் இலையின் அடிப்பக்கம் மெல்லிய முடி இருக்கும். பூஞ்சை அந்த முடியில் ஒட்டிக்கொள்ளும். இலையை உலர்த்தி வைத்துக்கொண்டு அடுத்தடுத்த தடவைக்குப் பருப்பின் மேல் தேய்த்துவிடுவார்களாம். தேக்கிலையிலும் செய்வதுண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட சேரட் செந்தினி என்ற ஜாவானிய நூலிலேயே தெம்பே என்ற பெயர் வந்துவிடுகிறது. அதாவது நுண்ணோக்கியை வைத்து யாரும் பார்ப்பதற்கு வெகுகாலம் முன்பே, எந்தப் பூசணம் நல்லது என்று அந்த ஊர்ப் பெண்கள் மூக்காலும் விரலாலும் பிரித்து எடுத்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பியபின் முதல் தடவை எனக்குத் தோல்விதான். தபாலில் வரவழைத்த உறைத்தூள் பழசு போலிருக்கிறது. இரண்டு நாளாகியும் ஒரு நூல் வெள்ளைகூட ஓடவில்லை, நவச்சார வாடை அடித்தது. அரைக் கிலோப் பருப்பைக் குழி தோண்டிப் புதைத்தேன். வயிறு எரிந்தது. வேறிடத்தில் புதிதாகத் தூள் வாங்கி, பங்குனி மாதத்தில் மறுபடி வைத்தேன்.

பூஞ்சைக்குப் பிடித்த வெப்பம் 30 முதல் 32 டிகிரி வரை. வெளிநாடுகளில் இதற்கென்று பெட்டி செய்து பல்பு எரியவிடுகிறார்களாம். தேவாரத்தில் வருஷத்தில் பாதிநாள் அடுப்படி மூலையே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பொட்டலங்களைக் கூடையில் அடுக்கி, மேலே பழைய போர்வை போர்த்தி வைத்தேன். முதல் 12 மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதன்பிறகு பொட்டலம் தானாகச் சூடாகத் தொடங்கும். பூஞ்சை வளர்கிற வேகத்தில் வரும் சூடு அது. ராத்திரி அம்மா எழுந்து கூடைக்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறாள். என்னை எழுப்பினாள்: “ஏ ஆத்தா, இதுக்குக் காய்ச்சல் கண்டிருச்சு. போர்வைய எடு.” அவள் சொன்னது அப்படியே சரி. அந்த நேரத்தில் போர்வையை எடுக்காவிட்டால் உள்ளே 40 டிகிரியைத் தாண்டி, பூஞ்சை தன் சூட்டிலேயே சோர்ந்துவிடும். எடுத்தேன். 36-ஆவது மணி நேரத்தில் பிரித்ததுதான் முதலில் சொன்ன அந்த வெள்ளைத் தலையணை.

இப்போது அந்த வெள்ளைக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பூஞ்சைக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. அது தன் இழைகளைப் பருப்புக்குள் ஊடுருவவிட்டு, நொதிகளை வெளியே கக்கி, பருப்பை வெளியிலேயே கரைத்து உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு நொதி புரதத்தைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்குகிறது. ஒன்று கொழுப்பைப் பிரிக்கிறது. பருப்பின் செல் சுவரை இளக்குவது மற்றொன்று. நம் இரைப்பையும் குடலும் செய்ய வேண்டிய வேலையில் ஒரு பங்கு இலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பூஞ்சை முழுக்கத் தின்று தீர்ப்பதற்குள் நாம் நிறுத்திச் சமைத்துவிடுகிறோம். 100 கிராம் தெம்பேயில் ஏறக்குறைய 19, 20 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கோழிமுட்டையில் 6 கிராம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் சொன்ன கணக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குத் தினம் 46 கிராம் ஆகிறது. மேலே சொன்ன தூக்குவாளியை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

செரிமானம் பற்றிய பேச்சுக்குப் பெரிய சாட்சி ஒரு சிறைமுகாம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்தபோது, அங்கே கைதிகளாக அடைபட்டவர்கள் சீதபேதியில் வாடினார்கள். வேகவைத்த சோயா அவர்களுக்குச் செரிக்காமல் அப்படியே வெளியே வந்தது. அதே சோயாவைத் தெம்பேயாகக் கொடுத்தபோது நைந்துபோன குடலும் ஏற்றுக்கொண்டது. வான் வீன் என்ற டச்சு உயிர்வேதியியலாளர் ஷேஃபர் என்பவரோடு சேர்ந்து தெம்பேப் பூஞ்சை சோயாவுக்கு என்ன செய்கிறது என்று 1950-ல் எழுதினார். இந்த வான் வீனை நான் மறக்க மாட்டேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1965-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது: இட்லி மாவை உப்பவைப்பது லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா என்று காட்டிய கட்டுரை. அதை எழுதியவர்களில் முகர்ஜி என்ற இந்தியரும், கார்னெல் பல்கலைக்கழகத்து ஸ்டைன்கிராஸும், இதே வான் வீனும் இருக்கிறார்கள். ஜாவாவின் தெம்பேயை ஆராய்ந்தவர் நம் அடுப்படி இட்லிப் பானைக்கும் வந்து சேர்ந்திருக்கிறார். ஸ்டைன்கிராஸும் அப்படியே, தெம்பே பற்றியும் இட்லி பற்றியும் எழுதியவர். அவர்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே குடும்பம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. இட்லியில் பாக்டீரியா முன்னே நிற்கிறது, தெம்பேயில் பூஞ்சை முன்னே நிற்கிறது.

நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பன்றிக்குட்டிகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ஈகோலைக் கிருமி குடல் சுவரில் ஒட்டிக்கொண்டால்தான் அதன் ஆட்டம் நடக்கும். தெம்பேயின் சாறு அந்த ஒட்டுதலைத் தடுப்பதாகக் கண்டார்கள். பன்றியிடம் கண்டதை அப்படியே பிள்ளைக்குச் சொல்லிவிட முடியாது. ஆனால் சிறைமுகாம் கதையோடு இது பொருந்தி வருகிறது என்பதை மட்டும் மனதில் வைத்திருக்கிறேன்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது இரும்புச்சத்து. பயறுகளில் இரும்பும் துத்தநாகமும் உண்டு. ஆனால் கூடவே ஃபைட்டிக் அமிலம் என்ற ஒன்று அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. நாம் தின்ற இரும்பு உடம்பில் ஒட்டாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். தெம்பேப் பூஞ்சை ஃபைட்டேஸ் என்ற நொதியைச் சுரந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது. எனக்கு அந்த எண்ணைக் கேட்டால் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகம்தான் வரும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவள். இரண்டாவது பிள்ளை வயிற்றிலிருக்கும்போது ரத்தம் 8 என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் கொடுத்த மாத்திரைகளைக் குமட்டுகிறது என்று அரிசிப்பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கண்டுபிடித்துத் திட்டி, தினமும் என் முன்னால் விழுங்க வைத்தேன். ரத்தம் அந்த அளவு இறங்கியவர்களுக்கு மாத்திரைதான் வேண்டும். தெம்பேயை அதற்கு மாற்றாக நான் சொல்லவே மாட்டேன். அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதற்குத் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. கூட ஓர் எலுமிச்சைத் துண்டையும் பிழிந்துகொண்டால் இரும்பு இன்னும் நன்றாக ஒட்டும்.

பி12 பற்றி ஒரு வார்த்தை. தெம்பேயில் பி12 இருக்கிறது, சைவர்களுக்கு இதுவே போதும் என்று பலர் எழுதுகிறார்கள். அதை நம்பி இருந்துவிடாதீர்கள். பூஞ்சைக்கு பி12 செய்யத் தெரியாது. சந்தையில் விற்கும் தெம்பேயில் கூடவே வளரும் சில பாக்டீரியாக்கள்தான் அதைச் செய்கின்றன. சுத்தமான உறைத்தூள் போட்டு வீட்டில் வைத்தால் அது இல்லாமலே போகலாம். பி2, நியாசின், ஃபோலேட் போன்ற மற்ற பி வகை வைட்டமின்கள் கூடுவது உண்மை.

சோயாவின் பேர் போன சரக்கு ஐசோஃபிளேவோன்கள். பருப்பில் இவை சர்க்கரையோடு கோத்துக்கொண்டு இருக்கும். பூஞ்சை அந்தச் சர்க்கரையைக் கழற்றிவிடுவதால் குடல் சுலபமாக உறிஞ்சுகிறது. 1964-ல் ஜியார்ஜி என்பவரும் கூட்டாளிகளும் பச்சைச் சோயாவில் காணாத ஒரு ஐசோஃபிளேவோனைத் தெம்பேயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கொழுப்புக் கெட்டு எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தடுக்கும் பொருள் அது. இதை வைத்துப் புற்றுநோய் வராது, எலும்பு தேயாது, மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் எரிச்சல் தீரும் என்றெல்லாம் பேசுகிறவர்கள் உண்டு. ஆய்வுகள் ஒரே பக்கம் பேசவில்லை. இதயத்துக்கு நல்லது என்பதற்கும் ஓர் அளவு உண்டு: சோயாப் புரதத்தால் கெட்ட கொழுப்பு 3 சதவீத அளவுக்குத்தான் குறைகிறது என்று அமெரிக்க இதய சங்கம் 2006-ல் சொன்னது. கொழுப்பு மிகுந்த கறிக்குப் பதிலாக இதைத் தின்றால் அந்தக் கறி குறைந்ததாலும் லாபம். எனக்கு இந்த நிதானமான கணக்குப் போதும்.

நான் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். சோயா அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதனால் விடிகாலை வெறும் வயிற்றில் மாத்திரை போட்டுக்கொண்டு, தெம்பேயை மதியச் சோற்றுக்குத்தான் வைத்துக்கொள்கிறேன். இதை என் மருத்துவரிடமும் சொல்லியிருக்கிறேன். சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது.

சோயாவைப் பூஞ்சை வைத்துப் பக்குவப்படுத்துவது ஜாவா மட்டும் அல்ல. ஜப்பானியரின் மிசோவும் சோயா சாஸும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற வேறொரு பூஞ்சையின் வேலை. அந்தப் பூஞ்சையைத் தங்கள் தேசியப் பூஞ்சை என்று அங்குள்ள வடிப்போர் சங்கம் 2006-ல் அறிவித்தது. மிசோவும் சோயா சாஸும் ருசிக்குத் தொட்டுக்கொள்வதற்கானவை; மாதக்கணக்கில் கெடாமல் இருக்க உப்பு அள்ளிப் போடப்படுபவை. ரத்தக்கொதிப்புக்காரர்கள் அளந்துதான் தொட வேண்டும். தெம்பே செய்யும்போது ஒரு கல் உப்பும் கிடையாது. நம் நாட்டின் வடகிழக்கில் சிக்கிமின் கினேமா, மணிப்பூரின் ஹவாய்ஜார், நாகாலாந்தின் அகுனி என்று சோயாவைப் புளிக்கவைக்கும் பழைய வழக்கம் இருக்கிறது. அங்கே வேலை செய்வது பாக்டீரியா, பூஞ்சை கிடையாது. இழை இழையாக ஒட்டும், வாடை தூக்கலாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும், எங்கள் பக்கம் செக்கும் தென்னந்தோப்பும் நிறைய இருப்பதால். ஜாவாவில் தேங்காய்ப் புண்ணாக்கில் தெம்பே போட்டார்கள், போங்க்ரெக் என்று பெயர். அதில் சில சமயம் ஒரு பாக்டீரியா புகுந்து கொடிய விஷத்தைச் சுரந்துவிடும். சமைத்தாலும் அந்த விஷம் போகாது. குடும்பம் குடும்பமாகச் செத்திருக்கிறார்கள். அந்த விஷத்தை 1930-களில் பிரித்துக் காட்டியதும் மேலே சொன்ன வான் வீனும் மெர்டென்ஸ் என்பவரும்தான். இந்தோனேசிய அரசு 1988-ல் அதற்குத் தடை போட்டது. ஆகவே தேங்காய்ப் புண்ணாக்கில் யாரும் பரீட்சை பார்க்க வேண்டாம்.

பருப்பில் வைக்கும்போதும் கண்ணும் மூக்கும் வேண்டும். வெள்ளை நல்லது. இலைமடிப்பில் காற்றுப் பட்ட இடத்தில் சாம்பலோ கறுப்போ புள்ளி விழுந்தால் பயமில்லை, பூஞ்சை வித்துவிடத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு தெரிந்தாலோ, கொழகொழத்தாலோ, நவச்சார நெடி தூக்கினாலோ மனசு பார்க்காமல் எறிந்துவிட வேண்டும். பச்சையாகத் தின்னாமல் சமைத்தே தின்ன வேண்டும். ஐப்பசி மழையில் எனக்கு இரண்டு தடவை பச்சை பூத்தது, இரண்டு தடவையும் எறிந்தேன்.

படித்ததில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது பூனைக்காலி விதை. மேற்குத் தொடர்ச்சி மலையில் காணிக்காரர்கள், பளியர்கள் அந்த விதையைப் பலமுறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் தண்ணீரை வடித்துக்கொட்டி, அதன் கடுமையைப் போக்கித் தின்பதை ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதே விதையை ஜாவாவில் யோக்யகர்த்தா பக்கம் ஊறவைத்து, வேகவைத்து, நீரை மாற்றி மாற்றி, கடைசியில் தெம்பே போடுகிறார்கள். தெம்பே பெங்குக் என்கிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே விதையோடு மல்லுக்கட்டிய கைகள். நம் மலைக்காரர்கள் நீரோடு நிறுத்திக்கொண்டார்கள், அவர்கள் பூஞ்சையையும் கூட்டிக்கொண்டார்கள்.

அம்மா எப்படி வழிக்கு வந்தாள் என்று சொல்லவில்லையே. அன்றைக்கு அவள் தள்ளிப் போய் உட்கார்ந்தபிறகு நான் வாதாடவில்லை. துண்டுகளைப் புளித்தண்ணியில் உப்பும் மஞ்சளும் போட்டு அரைமணி ஊறவைத்து, கடலெண்ணெயில் வறுத்தேன். சின்னவெங்காயம், காய்ந்தமிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் கொஞ்சம் மிளகு. வாசனை கிளம்பியதும் தலைப்பு மூக்கிலிருந்து இறங்கியது. நான் முதலில் இரண்டு துண்டு தின்றேன். அவள் ஒரு நாள் முழுக்க எனக்கு ஏதாவது ஆகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். மறுநாள் சோற்றில் ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்தாள். பல் இல்லாத ஈறுக்கு அது மெத்தென்று அடங்கியது. “மூளைக்கறி கணக்கா இருக்கு” என்றாள். மூன்றாம் நாள் காலை, நான் கேட்காமலே, “வயிறு ஒண்ணும் பண்ணலத்தா” என்றாள். பயறு தின்றுவிட்டு அவள் அப்படிச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

இப்போது வாரம் ஒருமுறை வைக்கிறோம். பிதுக்குவது அம்மா. என்னைவிட இருமடங்கு வேகம். போன தை மாதம் அவள்தான் கேட்டாள்: “சோயாவுல பூக்குறது நம்ம மொச்சையில பூக்காதா?” ஊரில் மானாவாரி மொச்சை வந்திறங்கிய நேரம். காய்ந்த மொச்சையை ஊறவைத்துப் பிதுக்கி, சோயாவைவிடக் குறைவாக வேகவைத்து, நன்றாகத் துவட்டி உறை போட்டோம். தை மாதக் குளிருக்குக் கூடையை ஹாட்பாக்ஸுக்குள் வைக்க வேண்டியிருந்தது. சூடேற ஆறு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா கைவிட்டுப் பார்த்துவிட்டு, “இன்னும் காய்ச்சல் வரல” என்று வருத்தத்தோடு படுத்தாள். விடியும்போது வந்திருந்தது. மறுநாள் பிரித்தால், பருப்பு பெரிதென்பதால் வெள்ளை சற்றே மேடுபள்ளமாக, ஆனால் இடைவெளியில்லாமல் பின்னியிருந்தது. அறுத்து வறுத்ததில் மொச்சையின் வாசம் அப்படியே இருந்தது.

வறுத்து இறக்கும்போது மணி நாலே முக்கால். தெருமுனையில் ஜீப் ஹாரன். பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து சுவருக்கு மேல் தூக்குவாளியை நீட்டினாள்.

“அக்கா, நேத்து சொன்னீகளே அந்தப் பூசண மொச்சை, ரெண்டு துண்டு வைங்க. பூப்பாறைக்குப் போய்ச் சேர மணி எட்டாயிரும், சூடு இருக்குமா?”

“இருக்கும்” என்று சொல்லி, அம்மா அவள் சோற்றின் மேல் நாலு துண்டு வைத்து மூடியை அழுத்தினாள்.